அஞ்சரை மணிப் பொன்னாடை

டென்மார்க்கின் ஓபுறோவில் ஓர் ஆறும், ஆற்றுக்கு ஒரு பாலமும், பாலத்தடியில் ஒரு தேவாலயமும் உண்டு. பஸ் கிடையாது. வழி தவறினால்தான் அந்த ஊருக்குப் போகலாம் என்று பக்கத்துப் பட்டணத்துப் பிராண்டேக்காரர் பகிடி விடுவார்கள். நித்தியானந்தன் வழி தவறிப் போகவில்லை. வீடு மலிவாகக் கிடைத்தது, போனார். அப்போது மகள் சாரங்கா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது காரை அவள்தான் ஓட்டுகிறாள். அவர் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கிறார்.

இத்தனை காலத்தில் ஊர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஆற்றங்கரைக் கொண்டாட்டம் எதுவானாலும் ஊர்ச்சங்கத் தலைவர் எகோனின் அழைப்பு வரும். "உன் மனைவியின் அந்த றோல்ஸ் கிடைக்குமா?" மேசை தூக்க வேறு ஆள், கொடி ஏற்ற வேறு ஆள், பேச வேறு ஆள். நித்தியானந்தன் தட்டோடு போவார், வெறுந்தட்டோடு திரும்புவார். ஹேர்னிங் தமிழ் மன்றத்தில் அவர் செயலாளர். ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார் என்று பெயர் எடுத்தவர். ஓபுறோவிலோ அவர் பொரித்த பண்டத்தின் புருசன்.

அந்தக் குறை தீரும் நாள் ஆனி மாதம் வந்தது. பக்கத்து வீட்டு பிறீபனுக்கும் கிர்ஸ்டனுக்கும் வெள்ளிவிழா, கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடம். அந்தப் பக்கத்து ஊர்களில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல்நாள் அயலவர் கூடித் தேவதாரு இலைக்கொத்துகளால் ஒரு வளைவு கட்டுவார்கள். விடிய அதைத் தம்பதியின் வாசலில் நிறுத்தி, ட்றம்பெட் ஊதி, பாட்டுப் பாடி அவர்களை எழுப்புவார்கள். எழும்பியவர்கள் வந்த சனத்துக்கெல்லாம் காலைச் சாப்பாடு கொடுக்கவேண்டும். இதை முன்நின்று நடத்துவது வலக்கைப் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை. நேரம் குறிப்பதும் அவர்தான். பிறீபனின் வலக்கைப் பக்கத்து வீடு நித்தியானந்தனுடையது.

எகோன் நேரே வந்தார். இது சிக்கலான வேலை, தானே பொறுப்பெடுக்கிறேன், நீ றோல்ஸைப் பார்த்துக்கொள் என்றார். நித்தியானந்தன் மறுத்துவிட்டார். எகோன் தாடையைச் சொறிந்தார்.

"சரி, செய். ஆனால் ஊர் முழுக்கப் பார்க்கும். பிசகினால் இனி உன் பக்கத்து விழா எல்லாம் என் கையில்."

அதன் பிறகு நித்தியானந்தனுக்கு நித்திரை ஏது? இணையத்தில் வளைவு கட்டுவதைப் பார்த்தார். வெள்ளித்தாள் ரோசாக்களுக்குச் சாரங்காவைப் பிடித்தார். அவள் டேனிசில் முணுமுணுத்தபடி வெட்டித் தந்தாள். மன்றத்து அலுமாரியில் கிடந்த பொன்னாடைகளில் நல்ல அகலமானதாக, சரிகை பளபளக்கிறதாக இரண்டு எடுத்து வந்தார்.

"அதேன்?" என்று கேட்டாள் மனைவி ஞானேஸ்வரி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எவரையும் ஒரு பார்வையில் நிமிர்த்திப் படுக்கவைத்துவிடுவாள்.

"பொன்னாடை போர்த்தாமல் ஒரு விழாவோ?"

"மன்றத்தில ஒரு ஆள் ஒருக்கா இருமினாலும் நீங்கள் போர்த்துவியள். அந்தச் சனம் விறைச்சுப்போய் நிக்கும். சும்மா நக்கலுக்கு ஆளாகாதேங்கோ."

அவர் கேட்கவில்லை.

முதல்நாள் பின்னேரம் ஊரே அவருடைய கராஜில் கூடியது. தோரணம் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? வளைவு பச்சைப்பசேலென்று எழும்பியது. எகோன் ஒவ்வொரு கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கழலவில்லை. பியர்ப் போத்தல்கள் காலியாகி வரிசையாக நின்றபோது அவர் கேட்டார், காலையில் எத்தனை மணிக்கு?

வழக்கம் ஏழு மணி என்பது நித்தியானந்தனுக்குத் தெரியும். ஏழுக்குச் சனம் நிற்கவேண்டுமென்றால் எத்தனை மணி என்று சொல்லவேண்டும் என்பதும் தெரியும் என்று நினைத்தார். மன்ற விழா ஐந்து மணிக்கு என்று அச்சடித்தால் ஏழு மணிக்குத்தான் குத்துவிளக்குக்குத் திரி போடுவார்கள். டேனிஸ்காரர் நேரம் தவறாதவர்கள்தான், தொழிற்சாலையில் பார்க்கிறாரே. ஆனால் அது சம்பளத்துக்கு. கொண்டாட்டத்துக்கு எந்த மனுசன் சொன்ன நேரத்துக்கு வருவான்? அதுவும் இவ்வளவு பியர் குடித்துவிட்டு?

"அஞ்சரை," என்றார்.

"அஞ்சரையா?"

"அஞ்சரை."

எகோன் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் எகோனைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சொன்னதுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நித்தியானந்தன் மணிக்கூட்டில் ஆறுக்கு எலாம் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

அவரை எழுப்பியது எலாம் அல்ல, ட்றம்பெட்.

பாய்ந்து எழும்பினார். வெளியே பட்டப்பகல்போல வெளிச்சம். ஆனி மாதத்து டென்மார்க்கில் சூரியனுக்கு வேறு வேலை இல்லை. பட்டுவேட்டியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் அரைவாசி சவர நுரையோடு குசினிக்குள் ஓடினார். அங்கே ஞானேஸ்வரி யன்னல் திரையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அந்தத் திரை ஆறரைக்கு முன் திறக்கப்பட்டதே இல்லை. வெயில் பட்டால் மிளகாய்த்தூளின் நிறம் போய்விடும் என்பது அவள் சொல்லிவந்த காரணம்.

"எத்தினை மணிக்கு வரச்சொன்னியள்?"

"அஞ்சரை எண்டாத்தானே ஏழுக்கு வருவாங்கள்."

"ஆர், டேனிஸ்காரனோ?" அவள் திரையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஐயோ, கிர்ஸ்டன் இப்ப ஆத்துக்க நிக்கிறா."

"நிக்கட்டுமன். வந்து துடைச்சுப்போட்டு..."

"என்னத்தோட நிக்கிறா எண்டு நினைக்கிறியள்? பிறந்த கோலத்தில நிக்கிறா. ஒவ்வொரு விடியலும் அப்பிடித்தான். அதுக்குத்தான் இந்தத் திரை."

நித்தியானந்தனுக்கு மிளகாய்த்தூளின் மர்மம் விளங்கியது. வேறு பலதும் விளங்கியது. கிர்ஸ்டன் குளியல் அங்கியை வாசற்கதவின் கொளுவியில் விட்டுவிட்டுப் புல்லால் இறங்கி ஆற்றுக்குப் போவாளாம். இந்த வீட்டைத் தவிர வேறு கண் இல்லாத கரை. ஏழு மணிக்குத்தான் ஊர் வரும் என்று அவள் ஆறுதலாகக் குளிக்கப் போயிருக்கிறாள். அந்த வாசலில்தான் எகோனின் ஆட்கள் இப்போது கராஜிலிருந்து தூக்கிப்போன வளைவை நிறுத்தி, ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். அங்கி வளைவுக்குப் பின்னால், இலைக்கொத்துகளுக்குள் போயிருக்கும்.

பொன்னாடை இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினார்.

ஊர் முழுக்க நின்றது. குளித்து, தலைவாரி, சப்பாத்து மினுங்க, ஒருவர் குறையவில்லை. வாசலைப் பார்த்தபடி எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறீபன் பைஜாமாவோடு கதவைத் திறந்து, வளைவுக்குள் நின்று கண்ணைக் கசக்கினார். மனைவி எங்கே என்று எவரோ சைகையால் கேட்க, அவர் யோசிக்காமல் ஆற்றைக் காட்டினார். ஊர் அப்படியே திரும்பியது.

கிர்ஸ்டன் மரப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். உயரமான பெண். மறைக்க எதுவும் இல்லை, நீர்த்துளிகளைத் தவிர. ஊரைக் கண்டாள், நின்றாள்.

ட்றம்பெட் ஒரு சுரத்தை விழுங்கியது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. தொடங்கிய பாட்டை இடையில் விடும் பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது, பாட்டோ அவசரப்படுகிற பாட்டு இல்லை. ஆண்கள் கையிலிருந்த பாட்டுத்தாளை, ஏதோ புதிதாக எழுதியிருப்பதுபோலக் கூர்ந்து படித்தார்கள். தேவாலயத்துப் போதகர் மேகத்தை ஆராய்ந்தார். எகோன் மட்டும் நித்தியானந்தனைத் திரும்பிப் பார்த்தார். 'பார், நான் சொன்னேனா இல்லையா' என்ற பார்வை.

அந்தப் பார்வைதான் நித்தியானந்தனை நகர்த்தியது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு செயலாளர் என்ன செய்வார்? எத்தனை மேடையில் செய்தாரோ அதையே செய்தார். முகத்தில் நுரை, இடுப்பில் வேட்டி, நேரான நடை. பொன்னாடையை உதறி விரித்தார். தலையை மரியாதையாக ஆற்றின் அக்கரைக்குத் திருப்பிக்கொண்டு கிர்ஸ்டனின் தோளில் போர்த்தினார். சரிகை முழங்கால் வரைக்கும் இறங்கியது. நல்ல அகலமானதாகத் தெரிந்தெடுத்த கைக்கு அவர் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"தமிழர் வழக்கம்," என்று டேனிசில் உரத்துச் சொன்னார். "பெருமைக்குரியவர்களுக்குச் செய்வது."

தோளில் பொன்னாடை விழுந்தால் கை தட்டவேண்டும் என்று மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். பின்னால் ஓடிவந்த சாரங்கா தன்னை அறியாமல் தட்டினாள். அவளைப் பார்த்துப் போதகர் தட்டினார். பிறகு ஊரே தட்டியது. கிர்ஸ்டன் குனிந்து தன்னைப் பார்த்தாள், நிமிர்ந்து சனத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"பிறீபனுக்கும் ஒன்று இருக்கிறதா? அவர்தானே இருபத்தைந்து வருடம் என்னோடு சமாளித்தவர்."

இருந்தது. பைஜாமாவின் மேல் போர்த்தினார்.

காலைச் சாப்பாடு மத்தியானம் வரை நீண்டது. அஞ்சரைக் கணக்கை நித்தியானந்தன் யாருக்கும் விளக்கவில்லை. பொன்னாடைக்கு விடிகாலைதான் நல்ல நேரமா என்று போதகர் கேட்டதற்கு ஓம் என்று சொல்லிவிட்டார். ஞானேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் படுத்தவர்கள் பலர். அவர் எப்படியோ தாக்குப்பிடித்தார்.

எகோன் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"வருகிற வருடம் எனக்குப் பொன்விழா," என்றார். "என் வலக்கைப் பக்கத்து வீடு காலி. நீ வந்து நடத்தவேண்டும்."

நித்தியானந்தன் தேநீரை மெல்ல உறிஞ்சினார். ஒலிவாங்கி கையில் இல்லாத குறைதான்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு. அதை நான் சொல்லுகிறேன். நீ சொல்லாதே." எகோன் குரலைத் தாழ்த்தினார். "அந்த மினுங்கும் துணி கட்டாயம் வேண்டும். ஆனால் நான் உடுப்போடு நிற்பேன்."

றோல்ஸைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. ஞானேஸ்வரிக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

கிர்ஸ்டன் பொன்னாடையைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் விடியக் குசினிக்குள் தேத்தண்ணி வைக்கப்போன ஞானேஸ்வரி திரை ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். சரிகை வெயிலில் மின்ன, மரியாதை வாங்கிய மந்திரிபோல, பக்கத்து வீட்டுக்காரி போர்த்திய பொன்னாடையோடு ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். ஞானேஸ்வரி திரையைக் கழற்றித் தோய்க்கப் போட்டாள்.