இதைத் தவிர

திங்கட்கிழமை காலை ஆராய்ச்சிக் கூடத்தைத் திறந்ததும் தனசேகரின் காலில் தண்ணீர் பட்டது. டீப் ஃப்ரீசரின் அடியிலிருந்து வாசல்வரை ஓடிவந்திருந்தது. ஃப்ரீசர் கதவில் சந்தனம், நடுவில் பளிச்சென்று குங்குமம். சுவரில் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

மைனஸ் எண்பது டிகிரியில், ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓட வேண்டிய பெட்டி அது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு குழாய்களில் ரத்தம். ஆராய்ச்சி மாணவி ஸ்ம்ருதி மூன்று வருஷம் மீனவக் குப்பங்களில் அலைந்து சேர்த்தது. கூடவே போய் ஊசி போட்டு எடுத்தவன் டெக்னீஷியன் தனசேகர்தான். "மறுக்கா வந்தே, உன் ரத்தத்த நான் எடுப்பேன்" என்று ஒரு மீன்காரம்மா சிரிக்காமல் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தாயாரம்மா, இதை யாரு ஆஃப் பண்ணது?"

துடைப்பத்தோடு வந்தாள் தாயாரம்மாள்.

"நான்தான். நீதானப்பா வெள்ளிக்கிழம சொன்ன, ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் ஆஃப் பண்ணி, தொடச்சு, பொட்டு வைக்கச் சொல்லி. இது ஒண்ணுதான் வருஷம் முச்சூடும் ஓடிக்கினே கீது. லீவு முடியற வரைக்கும் ரெஸ்ட் எடுக்கட்டும்னு கும்புட்டுட்டுப் போனேன். இன்னா, கெட்டுப்பூட்ச்சா?"

எல்லா மெஷினையும் என்று சொன்னது அவன்தான். தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், இதைத் தவிர என்று சொல்ல விட்டுப்போயிற்று.

சுவிட்சைப் போட்டான். பெட்டி உறுமியது. ஒரு குழாயை எடுத்து ஆட்டினான். ரத்தம் தளும்பியது. நாளைக்குள் மறுபடி உறைந்துவிடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் ஸ்ம்ருதி தேடுவது எதுவும் மிஞ்சியிருக்காது.

செல்போன் அடித்தது. ஸ்ம்ருதி.

"அண்ணா, பெருங்களத்தூர்ல மாட்டிக்கிட்டேன். ஊர்லேர்ந்து திரும்பற பஸ் அத்தனையும் இங்கதான் நிக்குது. முதல் பாக்ஸை எடுத்து ஐஸ்ல வைங்க, இன்னிக்கே டெஸ்ட் ஆரம்பிச்சுடலாம். கைடு டிசம்பர்தான் கடைசின்னுட்டார்."

"மேடம்..."

"டெம்பரேச்சர் எவ்ளோ காட்டுது?"

தனசேகர் நிமிர்ந்து பார்த்தான்.

"இருபத்தாறு."

"மைனஸ் இருபத்தாறா? கரெண்ட் போச்சாண்ணா?"

"மைனஸ் இல்ல மேடம்."

போனில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் வேற ஃப்ரீசர்ல எடுத்து வெச்சிருப்பீங்கல்ல அண்ணா?" என்றாள் ஸ்ம்ருதி.

அவன் கையிலிருந்த குழாயைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

"வெச்சிருப்பீங்கல்ல?"