மூடுபனியில் பதினோரு ஜீப்புகளும் ஒரு பசுவும்

1

இந்தக் கதையை எழுதுவதற்கு ஒரே காரணம், என் ஜீப்பை விற்கக் கூடாது என்பதுதான். "ஞாயித்துக்கெழம ஆனா கூட்டமாப் போயி சேத்துல உருள்றீங்களே, அதுல ஒரே ஒரு பிரயோஜனம் எழுதிக் காட்டு, கெழவா. இல்லேன்னா சனிக்கெழம வண்டிய எவாரிஸ்தோக்கு வித்துருவேன். கோழி ஏத்தக் கேக்குறான்" என்றாள் என் மனைவி யோகாஸ்தா.

என் ஜீப்பில் கோழிகளா!

முப்பத்தைந்து வருடம் பல் பிடுங்கியவன் நான். பேனா பிடிப்பது இதுதான் முதல் தடவை.

2

தொடக்கம், முதல் முயற்சி: போன ஞாயிறு, கான்ஸ்தான்சா மலையில் நாற்பது ஜீப்புகள் உறுமிக்கொண்டு

(பதினொன்று. அதிலும் ஒன்று உறுமவில்லை, இருமியது. அது நம்முடையது. — யோகாஸ்தா, சிவப்புப் பேனாவில்.)

சரி, பதினொன்று. முதல் வண்டியில் குழுத் தலைவர் ராதமேஸ். கடைசி வண்டியில் நான், பக்கத்தில் யோகாஸ்தா. பின் இருக்கையில், உச்சியில் எல்லோருக்கும் சங்கோச்சோ என்ற கறிக்குழம்பு கொதிக்க வைக்கும் பெரிய பானை. விதி ஒன்றுதான்: முன்னால் போகும் சிவப்பு விளக்கை விடாதே.

மூடுபனி இறங்கியது. அதை அரிவாளால் வெட்டி ஜன்னலோரம் அடுக்கினேன். (பொய்.) என் மூக்கே எனக்குத் தெரியவில்லை. (இது நிஜமாக இருக்கலாம். அந்த மூக்கே தெரியவில்லை என்றால் பனி மோசம்தான்.)

3

ராதமேஸ் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார். [இங்கே அவரை வீரனாக்கி ஒரு பத்தி எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, கிழித்துவிட்டேன்.] பாதை அவரை மலையைச் சுற்றிக் கொண்டுவந்து விட்டது. எதிரே ஒரு சிவப்பு விளக்கு. வழி தெரிந்தவன் எவனோ போகிறான் என்று அதன் பின்னாலேயே போனார். அது என் வண்டியின் விளக்கு.

ரேடியோவில் அவர் குரல் கேட்டது: "கவலப்படாதீங்கப்பா! முன்னால ஒருத்தன் போறான். சரியான கில்லாடி!"

யார் அந்தக் கில்லாடி என்று நான் பொறாமைப்பட்டேன். என் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. சூரியன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து யோகாஸ்தா கத்தினாள்: "நிறுத்து! அந்தப் பசுவ நாலாவது தடவ பாக்குறேன். நம்மளப் பாத்துப் பாத்து அதுக்கே அலுத்துப் போச்சு!"

நிறுத்தினேன். பின்னால் நின்ற வண்டியிலிருந்து ராதமேஸ் இறங்கி வந்தார்.

"நீங்களா முன்னால போனீங்க?"

"நீங்கதானே முன்னால போனீங்க, தலைவரே?"

யோகாஸ்தா பானையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான்

[இதை முடிக்கத் தெரியவில்லை.]

பசுவின் பக்கத்திலேயே அடுப்பை மூட்டினோம்.

4

பிரயோஜனம்? "தோழமை" என்று எழுதினேன், அடித்தாள். "பொறுமை" என்று எழுதினேன். இரண்டு கோடு போட்டு அடித்தாள். "நீ சிரித்தாய்" என்று எழுதினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

5

முடிவு அ: ஜீப்பில் கோழிகள்.

முடிவு ஆ: ராதமேஸ் பதவி விலகுகிறார். பசு தலைவராகிறது.

இன்று சனிக்கிழமை. இவற்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் சத்தம். ஓட்டுநர் இருக்கையில் யோகாஸ்தா!

"ஏறுறியா, இல்ல எழுதிக்கிட்டே இருக்கியா, கெழவா?"

தெருமுனையில் இடப்பக்கம் எவாரிஸ்தோ வீடு, வலப்பக்கம் மலை. பின் இருக்கையில் பானை இருக்கிறது. வண்டியோடு அதையும் சேர்த்து விற்கப் போகிறாளா? எந்தப் பக்கம் திரும்புவாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை, கியரைப் போட்டுவிட்டாள், நான் இன்னும் செருப்பைக்கூட