வலுப்படுத்தவும்

அக்காவும் அத்தானும் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கூடம் நடத்தினார்கள். பன்னிரண்டு மெஷின், நீளமாக ஒரு வெட்டு மேஜை. பின்பக்கச் சுவர் தொந்தி போட்டுக்கொண்டு நின்றது. பொறியாளர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, ஆங்கிலத்தில் இரண்டு பக்க அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். மேஸ்திரிக்குப் புரிய வேண்டுமே என்று அக்கா அதைத் தங்கையிடம் நீட்டினாள். தங்கைக்கு மொழிபெயர்ப்புதான் தொழில். பெரும்பாலும் செய்திகள்.

சுவரை உடனே 'ஷோர் அப்' செய்யவும் என்றிருந்தது அறிக்கையில். அந்த வினைச்சொல் அவளுக்குப் பழகினதுதான். அரசு பொருளாதாரத்தை அப்படிச் செய்யும், கட்சி தன் செல்வாக்கை அப்படிச் செய்யும், வாரம் ஒன்றாவது வரும். ஒவ்வொரு முறையும் 'வலுப்படுத்து' என்றே எழுதியிருக்கிறாள். இங்கேயும் கை தன்பாட்டுக்கு அதையே எழுதியது. அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது. அகராதியைத் திறக்கவில்லை.

மேஸ்திரி தாளைப் படித்துவிட்டு, சுவர் முழுக்கக் கம்பிவலை அடித்து கனமாக சிமெண்ட் பூசினார். பார்க்கப் புதுச்சுவர் மாதிரியே இருந்தது. அக்கா வாய் நிறையப் பாராட்டினாள்.

பிறகு ஒரு வாரம் விடாத மழை. எட்டாம் நாள் மதியம் தையல்காரிகள் முன்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நூல்கண்டு எடுக்கப் பின்னால் போன அத்தான்மேல் சுவர் சரிந்தது. உயிர் தப்பியது. இடதுகால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

மேஸ்திரி சிமெண்டைத் தின்றுவிட்டார் என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தெருவும் நம்பியது. பேசி வைத்திருந்த இரண்டு வேலைகள் அவர் கையைவிட்டுப் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் தங்கை அந்த அறிக்கையை மறுபடி படித்தாள். போனில் அகராதியைப் பார்த்தாள். சாய்கிற சுவருக்கு மரம் சாய்த்து முட்டுக் கொடுப்பதுதான் முதல் பொருள். பொருளாதாரமும் செல்வாக்கும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

மறுநாள் மேஸ்திரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தார்.

"முட்டுக் கொடுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, அன்னிக்கே நாலு மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன்மா. வலுப்படுத்துன்னா நான் என்னத்தைக் கண்டேன், பூசினேன். இருந்த பாரத்துல நானே இன்னும் கொஞ்சம் ஏத்திட்டேன்." தாளை மறுபடி மடித்துக்கொண்டே, "உங்க அக்காகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

சொன்னாள். அன்று சாயங்காலமே, கட்டிலில் அத்தான் படுத்திருக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நின்றபடியே சொன்னாள். அக்காவின் முகம் செத்துப்போனது. அத்தான்தான் முதலில் பேசினார். அவசரத்தில் எழுதினது, யாருக்கும் வரக்கூடிய தப்பு, மேஸ்திரியும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார்.

"அவளுக்கு நீங்க முட்டுக் கொடுக்காதீங்க," என்றாள் அக்கா. "அந்த மனுஷனை ஊர் பூரா திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் நான்."

அக்கா, சொன்ன வாயாலேயே வீடு வீடாகப் போய் மாற்றிச் சொன்னாள். கைநழுவிய வேலைகளில் ஒன்று மேஸ்திரிக்குத் திரும்பக் கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. அத்தான் ஊன்றுகோலோடு கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். அவரை ஆஸ்பத்திரிக்கு நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போவதும் கொண்டுவந்து விடுவதும் தங்கை பொறுப்பு. யாரும் சொல்லவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். அக்கா கதவைத் திறந்து விடுவாள், உள்ளே போய்விடுவாள்.

நாலு மாதம் அப்படியே போனது. ஒருநாள் அத்தானைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அவள் கிளம்பும்போது, அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கொசு வருது. கதவைச் சாத்திட்டு உள்ள வா."