ஏழாவது தீர்மானம்

ஒரு பள்ளிக்கூடத்தின் எதிர்காலமும், அதன் வழியாக நாட்டின் எதிர்காலமும், இன்னும் உற்றுப் பார்த்தால் மனிதகுலத்தின் எதிர்காலமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கையில்தான் இருக்கிறது என்று தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். மைக் வேலை செய்யாததால் முதல் இரண்டு வரிசைக்கு மட்டுமே இந்தப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார்.

நான்காவது வரிசையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு அது. முழங்கால் ஏறத்தாழ தாடையைத் தொட்டது. அவர் கால் ஆட்டுவதில் பெஞ்சே ஆடியது. கூட உட்கார்ந்திருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் தாளத்தோடு ஆடத் தொடங்கிவிட்டார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். ஐந்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி வாங்க வருவார். மணி நாலு பத்து.

வழக்கமாக இந்தக் கூட்டங்களுக்கு அவர் மனைவிதான் வருவாள். ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் மாறிவிட்டதால், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரை மடக்கிச் சொல்லி அனுப்பினாள்: "போங்க, உக்காருங்க, ஓட்டுப் போடுங்க, வாங்க. பேச மட்டும் பேசாதீங்க. அந்த ரூமை மூடிட்டாங்கன்னா நம்ம பொண்ணு ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கு வெளியில நிக்கணும். அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க."

விஷயம் இதுதான். பள்ளி மூன்றரைக்கு விடும். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஐந்து மணிவரை மூலையில் உள்ள அறையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதும். பார்த்துக்கொள்ளும் அம்மாள் இந்த வாரத்தோடு ஓய்வு பெறுகிறார். இனி பெற்றோர் முறை வைத்து வந்து உட்கார்ந்தால் அறை திறந்திருக்கும், இல்லையென்றால் பூட்டு. நிகழ்ச்சி நிரலில் அது ஏழாவது.

முதல் ஆறில் மேடைத் திரைக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் இருபது நிமிஷம் போயிற்று. தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நிறம் என்றால் விடமாட்டார். நன்றி சொன்னவருக்கு ஒருவர் நன்றி சொன்னார். கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். நாலு நாற்பது.

ஏழாவதற்கு வந்ததும் வங்கி மேலாளர் ஒருவர் எழுந்தார். வீடு பள்ளிக்கு எதிரிலேயே இருப்பவர். பெற்றவர்கள் தங்கள் பொறுப்பைப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டக் கூடாது என்றும், வேலை வேலை என்று ஓடுகிறவர்கள் பிள்ளை பெறும்போதே யோசித்திருக்க வேண்டும் என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

மனைவி சொன்னது கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் எழுந்துவிட்டார்.

எழுந்தபின் அவருக்கே தெரியாத ஒரு சொற்பொழிவாளர் அவருக்குள்ளிருந்து வெளியே வந்தார். கழகம் என்பது கைதட்டுவதற்கு அல்ல, கைகொடுப்பதற்கு என்றார். கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்து வருத்தப்பட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிள்ளை எந்த வகுப்புல படிக்குதுன்னுகூடத் தெரியாத அப்பாக்கள் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? வெக்கமா இல்ல?"

நல்ல கைதட்டல். தூங்கியவரும் விழித்துக்கொண்டு தட்டினார்.

வாக்கெடுப்பு சீட்டில். பெயர் எழுத வேண்டாம், வகுப்பும் பிரிவும் எழுதி, வேண்டும் அல்லது வேண்டாம் என்று குறித்தால் போதும். போன வருஷம் பள்ளியில் பிள்ளையே இல்லாத ஒருவர் வந்து தேநீர் குடித்து, ஓட்டும் போட்டுவிட்டுப் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. கடைக்காரர் ஒரு கண் கடிகாரத்தில் இருக்க, சரசரவென்று எழுதி முதல் ஆளாகப் பெட்டியில் போட்டார்.

செயலாளர் ஒரு தையல்காரம்மா. துணியை அளப்பதுபோல் ஒவ்வொரு சீட்டாக நீவி அடுக்கினார். வேண்டும் பதினைந்து. வேண்டாம் பதினைந்து. ஒன்று அவர் கையிலேயே நின்றது.

"இதுல வேணும்னுதான் போட்டிருக்கு. ஆனா மூணாம் வகுப்பு சி-ன்னு எழுதியிருக்கு. மூணாவதுல சி பிரிவை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே?"

சமமாக நின்றால் தீர்மானம் தோற்றது என்று வங்கி மேலாளர் விதியை நினைவூட்டினார். எழுதியவர் யாரென்று சொன்னால் திருத்திச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் விதியில் இருக்கிறது என்றார் செயலாளர். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பெஞ்சு ஆடுவது அன்றைக்கு முதல்முறையாக நின்றது. பக்கத்தில் இருந்தவர் அதைக் கவனித்தார்.

ஜன்னல் வழியே மூலை அறை தெரிந்தது. அதற்கப்பால் கேட். கேட்டுக்கு வெளியே லாரி ஒன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. தலைவர் கடைசியாக ஒருமுறை கேட்டார்.

"அது என்னுதுங்க" என்று எழுந்தார் கடைக்காரர்.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் அவர் கடையிலேயே வாங்கிய கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"சரிங்க. எந்த வகுப்பு?"

"மூணு... ரெண்டு வருஷம்னா, அஞ்சு."

"பிரிவு?"

கூட்டலில் அது வரவில்லை. "இதோ வந்துடறேன்" என்று வெளியேறினார். பின்னால் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள்.

மூலை அறையில் மகள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏம்மா, நீ அஞ்சாவதுல எந்த பிரிவு?"

"ஏ. யாரு கேட்டாங்க?"

"எல்லாரும்தான்."

"என் டீச்சர் பேரும் வேணுமாப்பா?"

வேண்டாம் என்றார். ஓரடி வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் கேட்டுக்கொண்டார்.

பதினாறுக்குப் பதினைந்து. அறை தப்பியது. முறைப் பட்டியலில் திங்கட்கிழமைக்கு யாரும் கை தூக்காததால் கடைக்காரரின் பெயரைத் தையல்காரம்மா கேட்காமலே எழுதினார். அவரும் மறுக்கவில்லை. ஐந்து மணி வாடிக்கையாளர் வந்துவிட்டுப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்தது.

அடுத்த மாதம், வழக்கம்போல், போன கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் எல்லோர் முன்னும் வாசித்தார். கடைக்காரரின் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தாள். ஏழாவது தீர்மானத்தின் கீழ் ஒரு வரி இருந்தது: ஒரு தகப்பனார் தம் மகளின் வகுப்பைக் கேட்டுவரச் சென்றதால், கூட்டம் நான்கு நிமிடம் நிறுத்திவைக்கப்பட்டது.