முன்பெட்டியின் மூடி

மயான வாசலிலேயே அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. அம்மா தங்கத்தின் அஸ்திக் குடத்தைக் காரில் எங்கே வைப்பது என்பதுதான் வழக்கு. தங்கம் இறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக பிளவுஸ் துணிக்கடை நடத்தும் வெள்ளைத்துரை, தன் கடை மல் துணியாலேயே குடத்தின் வாயைக் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆளு உக்காருத சீட்டுல இத வைக்கப்பிடாது. டிக்கியில செருப்பும் பழைய சாக்கும் கெடக்கு. அங்க வைக்கச் சொல்லுதியா?"

"முன்னாடி வைக்கலாம்பா" என்றாள் சரண்யா.

"இஞ்சின் சூட்டுலயா?"

"கரண்டு வண்டிக்கு முன்னாடி ஏதுப்பா இஞ்சின்? பெட்டிதான இருக்கு. அம்மா காய்கறி வைப்பாங்கல்ல, அது."

எட்டு மாதத்துக்கு முன் சரண்யா இந்த வண்டியை வாங்கியபோது, முன்பக்கம் வெறும் பெட்டியாக இருந்ததைப் பார்த்து அதிகமாகச் சிரித்தவள் தங்கம். பிறகு அதைச் சொந்தம் கொண்டாடியவளும் அவள்தான். சனிக்கிழமை சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனால் கீரைக்கட்டும் முருங்கைக்காயும் அதில்தான் ஏறும். வேறு யாரையும் மூடியைத் தொடவிட மாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஷோரூம்காரர் மூடும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தபோது சரண்யா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளைத்துரை விலையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தங்கம் ஒருத்திதான் காது கொடுத்துக் கேட்டாள். மூடியை மேலிருந்து போடக் கூடாது, கையால் இறக்க வேண்டும். பிறகு நடுவில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக மாட்டினால் ஓடும்போது காற்று தூக்கிவிடும், கண்ணாடியை மறைத்துவிடும். வீட்டுக்கு வந்து தங்கம் இதை நாலு தடவை ஒப்பித்துக் காட்டினாள். சப்பாத்தி மாவை அமுக்குவதுபோல உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துவாள்.

வெள்ளைத்துரை குடத்தைப் பெட்டியில் இறக்கி, சுற்றிலும் போர்வையைச் செருகினார். மூடியைத் தானே இறக்கினார். தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல அவ்வளவு மெதுவாக. பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இனி கடல்லதான் எறங்கணும். எடுத்த குடத்தோட நடுவழியில எறங்கப்பிடாது. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் கொண்டுபோனோம்."

சரண்யா வண்டியைக் கிளப்பியதுமே திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. முன்பெட்டி திறந்திருக்கிறது. 'டிங் டிங்' என்று மணியும் அடித்தது. அப்போதே இறங்கிப் போய் அழுத்தியிருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, ரோடு காலி, உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும்.

நந்தனம் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியபோது ஒரு மாநகரப் பஸ் உரசுவதுபோல முந்திக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றில் மூடி ஒரு விரற்கடை எழும்பி, படபடவென்று அடித்தது. குடம் கவிழ்ந்தால் அம்மா நடுரோட்டில். மூடி முழுதாக எழும்பினால் அப்பாவும் தானும் ஆற்றுக்குள்.

பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் கத்தினார். "யக்கா! முன்னாடி தொறந்துகினு கீது! ஓரங்கட்டு!"

"நிறுத்தாத" என்றார் வெள்ளைத்துரை.

பாலத்தை நத்தைபோலக் கடந்து, இறங்கியதும் சரண்யா ஓரமாக நிறுத்தினாள்.

"எறங்காதன்னு சொல்லுதேன்லா!"

"அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்னா எறங்கித்தான் ஆகணும்" என்று கதவைத் திறந்தாள். அவரும் பின்னாலேயே இறங்கி வந்தார்.

குடம் சாயாமல் இருந்தது. சரண்யா மூடியை இறக்கினாள். "ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்கப்பா. நீங்க சாத்தினதுதான, நீங்களே மூடுங்க."

அவர் கைகளை வைத்தார். மூடி அசையவில்லை.

"நல்லா அழுத்துங்க!"

சுட்டதுபோலக் கைகளை எடுத்துக்கொண்டார். "அப்படிச் சொல்லாத, தாயி. அந்தப் பொண்ணும் அப்படித்தான் சொன்னா."

"எந்தப் பொண்ணு?"

"ஆம்புலன்சுக்குப் போன் பண்ணேன்லா, அதுல பேசுன பொண்ணு. ஒங்கம்மா நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க, நல்லா அழுத்துங்க, நான் எண்ணுதேன்னு சொன்னா. ஒண்ணு, ரெண்டுன்னு முப்பது வரைக்கும் எண்ணுனா. திரும்பத் திரும்ப எண்ணுனா. நான் அழுத்தல. எலும்பு ஒடைஞ்சிருமோ, வலிக்குமோன்னு... சும்மா கைய வச்சிருந்தேன். அழுத்துதேன் அழுத்துதேன்னு அவகிட்ட பொய் சொன்னேன்."

சரண்யாவுக்கு அந்தக் கணம் அவர்மேல் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வந்தது. முப்பது வருஷம் துணி கிழித்த கைகள், அன்றைக்கு மட்டும் ஏன் பயந்தன? அழுத்தியிருந்தாலும் அம்மா பிழைத்திருக்க மாட்டாள் என்று சொல்லலாம். ஆனால் அது அவளுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி அவரைத் தேற்ற அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் கைகளை எடுத்து மூடியின் நடுவில் விரித்து வைத்தாள். அவற்றின்மேல் தன் கைகளை வைத்தாள்.

"இப்ப அழுத்துங்க."

"அவளுக்கு..."

"வலிக்காதுப்பா."

இருவருமாக அழுத்தினார்கள். 'டக்' என்றது. திரையில் சிவப்பு அணைந்தது.

ஊரூர் குப்பத்துப் பக்கம் கடலில் வெள்ளைத்துரை இடுப்பளவு தண்ணீரில் நின்று குடத்தைத் திறந்தார். படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அது முடியும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் பார்க்காமல் கரையேறி வந்தார். நனைந்த வேட்டியோடு நேராக வண்டியின் முன்னால் போய், போர்வை மட்டும் கிடந்த காலிப் பெட்டியின் மூடியை இறக்கி, தானே அழுத்தினார். முதல் அழுத்திலேயே பூட்டிக்கொண்டது.

அவர் கையை எடுக்கவில்லை. உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து மறுபடி அழுத்தினார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு. மூணு."

சரண்யா பக்கத்தில் நின்றாள். முப்பது வரும்வரை அவள் அவரைத் தடுக்கவில்லை.