ஐஸில் வைத்த நேரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், எழுதியவர் மூன்று மாடி ஏறிவந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்ட எனக்கு அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, நிரம்பியிருந்த ஒரு கட்டத்தைப் பார்த்துப் பயம் வந்தது.

மதியம் மூன்று மணிக்கு எங்கள் டாக்டரம்மா ஆய்வு முடிவை மற்ற டாக்டர்கள் முன்னால் வைப்பதாக இருந்தது. நூற்று நாற்பது முதியவர்கள். அவர்களுக்கு எட்டு மாதம் பி வைட்டமின் மாத்திரை கொடுத்து, முன்னும் பின்னும் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமிலத்தின் அளவைப் பார்த்தோம். அந்த அளவு கூடியவர்களுக்கு மாரடைப்பும் எலும்பு முறிவும் அதிகம் என்று சொல்கிறார்கள். அளவைக் குறைத்தால் இதயமும் எலும்பும் பிழைக்குமா என்பது இன்னும் பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்குள் நுழைய டாக்டரம்மாவுக்கு இந்த முடிவு வேண்டும். சராசரி பத்தொன்பதிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. ஒரு வாரமாக அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறார்.

முடிவோடு ரத்த மாதிரிக் குழாய்களின் படிவங்களையும் இணைக்கச் சொல்லியிருந்தார். நான் மாத்திரைக்கு முந்தைய முதல் சுற்றின் கட்டைப் பிரித்தேன். ரத்தம் எடுத்த நேரம், எட்டு பத்து. ஐஸில் வைத்த நேரம், 'உடனே'. அடுத்ததிலும் 'உடனே'. அதற்கடுத்ததிலும். நூற்று நாற்பது 'உடனே'. எல்லாம் கீழே ரத்தம் எடுக்கும் என் தங்கையின் கையெழுத்து.

எடுத்த ரத்தம் குழாய்க்குள் சும்மா இருப்பதில்லை. சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஐஸில் வைத்தால் அடங்கும். வைக்காமல் விட்டால் மணிக்கு மணி அளவு ஏறும், நோயாளியின் உடம்பில் இல்லாத ஏற்றம். அதனால்தான் அந்தக் கட்டமே இருக்கிறது.

முதல் சுற்று எடுத்த காலத்தில் எங்களிடம் இருந்தது பழைய ஐஸ் மெஷின். ஒன்பது மணிக்கு நான் வந்துதான் அதை ஆன் செய்வேன். முதல் ஐஸ் விழப் பத்தரை ஆகும். அலமாரியில் ஐஸ் விழும் நேரத்தைக் குறிக்கும் ஐஸ் நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பத்து முப்பது, பத்து முப்பத்தைந்து, பத்து முப்பது. என் கையெழுத்துக்கு நானே சாட்சி. பத்தரைக்கு விழுந்த ஐஸில் எட்டு பத்துக்கு எடுத்த ரத்தத்தை எப்படி 'உடனே' வைக்க முடியும்? இரண்டாவது சுற்றுக்கு முன்பே புது மெஷின் வந்துவிட்டது. அப்போது காலையிலேயே பெட்டி நிறைய ஐஸ். ஆக, முதல் அளவு பொய்யாக ஏறியிருந்தது, இரண்டாவது சரி. மாத்திரை கொஞ்சம் குறைத்திருக்கலாம். எவ்வளவு என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

நோட்டை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். டாக்டரம்மா எட்டிப்பார்த்து, "எல்லாம் ரெடியா?" என்றார். "ஆச்சு, டாக்டர்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

காரணம் தங்கை. கணவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்தவள். இந்த வேலை கிடைத்த பிறகுதான் சொந்தக் காலில் நின்று, தனியாக ஓர் அறை எடுத்து, கதவுக்குத் தானே பூட்டு வாங்கினாள். வேலைக்குச் சிபாரிசு செய்தது நான். இப்போது வாயைத் திறந்தால் அவள் வேலை போய்விடும் என்று பயந்தேன். திறக்காவிட்டால்? என்ன ஆகிவிடும், மாத்திரை வெறும் வைட்டமின்தானே என்று மனசு பூசி மெழுகப் பார்த்தது.

பன்னிரண்டரைக்குக் கீழே போனேன். ரத்தம் எடுக்கும் அறையில் அவள் பஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். படிவத்தை முன்னால் போட்டேன்.

"என்னடி இது, 'உடனே'?"

"ஐஸ் வந்த உடனே வச்சேன்க்கா."

"எடுத்த உடனேன்னு அர்த்தம்! ரெண்டரை மணி நேரம் மேஜை மேல கெடந்திருக்கு, தெரியுமா உனக்கு?"

அவள் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீதானே சொன்னே."

"நானா?"

"முதல் வாரம் கட்டத்தைக் காலியா விட்டுட்டு மேல வந்தேன். ஐஸே வரலியேக்கா, என்ன எழுதறதுன்னு கேட்டேன். நீ போன்ல பேசிக்கிட்டு இருந்தே. 'காலியா மட்டும் விடாதே, உடனேன்னு எழுதித் தொலை'ன்னு கத்தினே. அதுக்கப்புறம் கேக்கவே பயமா இருந்துச்சு."

ஞாபகமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் 'தொலை' என்பது என் வார்த்தை. நாள் முழுக்க யாரையாவது தொலைத்துக்கொண்டே இருப்பவள் நான்.

"யாருக்கும் தெரியாதுல்லக்கா?" என்றாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஒன்றரை மணி நேரம் என் நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மாவின் அறை எனக்கு எதிரே பத்தடி. அந்தப் பத்தடியை என்னால் நடக்க முடியவில்லை.

இரண்டு இருபதுக்குத் தையல்காரர் ஒருவர் வந்தார். ஆய்வில் இருந்தவர்களில் வாய் அதிகமானவர். எலும்பு ஸ்கேனுக்காக வந்தவர், என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். போன வாரம் நாங்கள் எல்லோருக்கும் கொடுத்த முடிவுத்தாள்.

"பாத்தியாம்மா, இருபத்திரண்டு இருந்தது பதினொன்னு ஆயிடுச்சு! பாதிக்குப் பாதி! என் துணியைக்கூட நான் இவ்வளவு கச்சிதமா வெட்டினதில்லை."

"நல்லதுங்க" என்றேன்.

"அதான், பழைய ஹார்ட் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன். நாலு நாளாச்சு. இதயம்தான் சரியாயிடுச்சே, எதுக்கு அது வேற? மாடி ஏறினா நெஞ்சு கொஞ்சம் இறுக்குது, அவ்வளவுதான்."

எண் குறைந்தால் இதயம் சரியாகிவிட்டது என்று இந்த மனிதரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைக் கொடுத்தது நாங்கள். அந்த எண்ணே பொய்.

"இங்கேயே உக்காருங்க. எழுந்திருக்காதீங்க" என்றேன்.

"ஏம்மா, ஸ்கேன்?"

"ஸ்கேன் கெடக்குது. உக்காருங்கன்னா உக்காருங்க!"

கத்தினேன். அந்த நாளில் என் கோபம் உருப்படியாக எதற்காவது பயன்பட்டது என்றால் அதற்குத்தான். மனிதர் பொசுக்கென்று உட்கார்ந்தார். பத்தடியை நடந்தேன்.

டாக்டரம்மா கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தையல்காரரைப் பற்றி முதலில் சொன்னேன். சீப்பைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். நாடி பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், நர்ஸைக் கூப்பிட்டு இசிஜி எடுக்கச் சொல்லி அவரைச் சக்கரப் படுக்கையில் அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் ஐஸ் நோட்டையும் படிவக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை.

இரண்டிலும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்க தங்கச்சியா?"

"எழுதினது அவ. எழுதச் சொன்னது நான். மெஷினை ஒன்பதுக்கு ஆன் பண்ணினதும் நான்தான்."

அவர் போனை எடுத்தார். மூன்று மணிக் கூட்டத்துக்குச் சுருக்கமாகச் சொன்னார்: "இன்னிக்கு முடிவு இல்லை. அளவுல தப்பு இருக்கு. நானே வந்து சொல்றேன்." ஆறு வருட உழைப்பு. குரல் நடுங்காமல் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மேஜை இழுப்பறையிலிருந்து தவறு அறிக்கைப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தவறு தெரிந்த நேரம்: ஒன்பது நாற்பது. தெரிவித்த நேரம் என்ற கட்டத்தில் என் கை பழக்கத்தில் 'உ' என்று எழுதிவிட்டது. அதை அடித்தேன். இரண்டு முப்பது என்று எழுதினேன்.

அவர் படித்தார். "நடுவுல அஞ்சு மணி நேரம் இருக்கே. என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பயந்துக்கிட்டு இருந்தேன், டாக்டர்."

படிவத்தைத் திரும்ப என்னிடம் நீட்டினார்.

"அதையும் எழுதுங்க."