முன்பல் இடுக்கு

பல் டாக்டரின் அறையில் அன்று நான்கு பேர். சாய்வு நாற்காலியில், வாயைத் திறந்தபடி சின்னவள். அவள் கால்மாட்டில், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில், மடியில் கைப்பையோடு அம்மா. டாக்டருக்கென்று இருந்த சக்கர முக்காலியில் அக்கா. உட்கார இடமில்லாமல் டாக்டர் நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

பார்சல் நாடாவைக் கடித்து இழுத்ததில் சின்னவளின் முன்பல் முனை உடைந்திருந்தது. பல் நிறத்திலேயே பசை வைத்து, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். உதட்டை விலக்கும் வளையத்தை மாட்டி, பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "எச்சில் பட்டா ஒட்டாது. பேசாதீங்க. வலிச்சா மட்டும் கையைத் தூக்குங்க."

முனை சரியாயிற்று. அப்போதுதான் அக்கா முக்காலியை உருட்டிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"டாக்டர், கையோட அந்த நடு இடுக்கையும் அடைச்சிடுங்களேன். இவ சிரிச்சா அதுதான் முதல்ல வந்து நிக்குது."

"நானும் எத்தனை வருஷமாச் சொல்றேன், காதுல வாங்கினாத்தானே," என்றாள் அம்மா.

உடைந்ததை ஒட்ட வந்தாளே தவிர, முகத்தை மாற்றிக்கொள்ளச் சின்னவள் வரவில்லை. கையைத் தூக்கினாள்.

"வலிக்குதா? இதோ, முடிஞ்சிடும்."

இரண்டு கையையும் தூக்கினாள்.

"சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி டாக்டர். நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க," என்று அக்கா அவள் கைகளைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள்.

டாக்டர் இடுக்கையும் அடைத்து வளையத்தைக் கழற்றியதும் சின்னவள் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் வாயெடுப்பதற்குள் மூவரும் பேசி முடித்துவிட்டார்கள்: பிரமாதம்.

"வேண்டாம்னுதான் கையைத் தூக்கினேன்," என்றாள் வீட்டில்.

"ரெண்டு நாள்ல பழகிடும்டி," என்றாள் அக்கா.

டாக்டருக்குப் போன் செய்தாள். "உங்க அக்காகிட்ட குடுங்க, நான் பேசிக்கறேன்," என்றார் அவர். முப்பத்தாறு வயதில் இதையும் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். எரிச்சல் தணிந்தபின் கடிதம் எழுதத் தாளை எடுத்தாள்.

'மதிப்பிற்குரிய டாக்டர், உடைந்த முனையை நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள், அது இருக்கட்டும். நடு இடுக்கில் வைத்ததை நான் கேட்கவில்லை. என் பல்லை ராவாமல்தான் வைத்தீர்கள், ஆகவே எடுத்துவிடலாம். வியாழக்கிழமை காலை வருகிறேன். என்னோடு யாரும் வரமாட்டார்கள்.'

"யாருக்குடி லெட்டர்?" அக்கா எட்டிப் பார்த்தாள்.

"டாக்டருக்கு."

"தங்கமான மனுஷன். அக்கா ரொம்ப விசாரிச்சதா ஒரு வரி சேர்த்துடு."

சின்னவள் உறையை ஒட்டி, தபால்தலையைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"மூடியாச்சுக்கா," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தெருமுனைப் பெட்டியில் போட்டாள்.